மூணாம் வீட்டுக் கோழி

எங்கள் லாஸ் ஹோபோஸ் ஊரில் நடக்கும் இசை முகாம் வருடா வருடம் ஒரு சிறு புத்தகம் போடுகிறது. இந்த வருடப் புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் நாலு வரிப் பாட்டு ஒன்று இருக்கிறது. அதன் கீழே சாய்ந்த எழுத்தில் ‘மரபுப் பாடல். இயற்றியவர் பெயர் தெரியவில்லை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். பெயர் தெரியாதவர் உயிரோடுதான் இருக்கிறார். ஆற்றோரம் மூன்றாவது வீடு. வயது ஐம்பத்து நான்கு. பன்றி வளர்க்கிறார். ஈஸ்டரிலிருந்து தன் விறகைத் தானே பிளக்கிறார். அதற்கும் அந்த நாலு வரிதான் காரணம்.

பெயர் எடெல்மிரா உஸ்காங்கா. மரியாதை இத்தோடு போதும். ஊரில் வேறு யாரும் அவளுக்கு இவ்வளவுகூடக் கொடுத்ததில்லை.

பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் எண்ணெய்த் துறைமுகத்தில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வருவான், தின்பான், தூங்குவான், போய்விடுவான். அடுத்த வீட்டில் புருஷனின் அண்ணன் எல்பீடியோ. மாட்டு வண்டியிலிருந்து விழுந்ததில் ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டையாகி, அன்றிலிருந்து ஒரு பக்கமாக இழுத்து நடப்பவன். லியோனா வாசிப்பான், அடிக்குரலில் மட்டுமே பேசும் தடித்த கிடார் அது. அவனும் பேச்சில் அப்படித்தான், உறுமலுக்கு மேல் போகமாட்டான். அவன் மனைவி காசில்டா. எடெல்மிராவுக்கு ஓரகத்தி. காசில்டாவுக்கு நாக்கில் பாட்டு, கையில் உப்பு. இரண்டிலும் அளவு கிடையாது. அவள் வைத்த மீன் குழம்பைத் தின்றவன் பாதி ஆற்றைக் குடித்துவிட்டுத்தான் படுக்க முடியும். ஆனால் பலகையருகில் அவள் வாய் திறந்தால் மூன்று ஊர் வாயை மூடும்.

இங்கே ஃபந்தாங்கோ என்றால் நடுவில் ஒரு மரப்பலகை, அதன்மேல் ஜோடி ஜோடியாகக் காலால் தாளம் போடும் பெண்கள், சுற்றி ஹரானா என்ற சின்னக் கிடாரோடு ஹரானாக்காரர்கள், பக்கத்தில் கழுதைத் தாடையின் பற்களைக் கடகடவென்று உரசும் ஒருவன். பாடத் தோன்றியவர் பலகைக்குப் பக்கத்தில் போய்ப் பாடலாம். ஒருவர் பாடியதை அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. இன்னொருவர் பதில் பாட வேண்டும். பதில் தோன்றவில்லையென்றால் வந்த பாட்டையே திருப்பிப் பாடிவிட வேண்டும். அது மரியாதை.

எடெல்மிராவுக்கு இந்த மரியாதையில்தான் பேர். அவள் குரல் கரும்பு ஆலைச் சங்கு மாதிரி, ஆற்றுக்கு அக்கரையில் மாடு திரும்பிப் பார்க்கும். ஆனால் சொந்தமாக ஒரு வரி கட்டியதில்லை. எவன் எதைப் பாடினாலும், அவன் வாய் மூடுவதற்குள் எடெல்மிரா அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். யோசிக்கவே மாட்டாள். தும்மலுக்கு யார் யோசிக்கிறார்கள்?

பதினோரு வருடத்துக்கு முன்னால் காசில்டாவின் வெள்ளைக் கோழி காணாமல் போனது. அதே வாரம் எடெல்மிரா வீட்டில் அக்குயோ இலை போட்டுக் கோழி கொதித்த வாசனை வேலி தாண்டி வந்தது. காசில்டா ஒன்றும் கேட்கவில்லை. கேட்பது அவள் வழக்கமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஞானஸ்நான விருந்தில் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, எடெல்மிராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினாள்:

ஆத்தோரம் மூணாம் வீட்டில்
அடுப்புல பானை வெச்சா
அக்கம்பக்கக் கோழியெல்லாம்
அலறிக் கூரை ஏறும்.

எடெல்மிரா தும்மினாள். அதாவது, பழக்கதோஷத்தில், ஆலைச் சங்குக் குரலில், ஒரு சொல் பிசகாமல் அந்தப் பாட்டை அப்படியே திருப்பிப் பாடினாள். மூன்றாவது வரி வரும்போதுதான் யாரைப் பற்றிய பாட்டு என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் நாலாவது வரியும் வாயிலிருந்து வெளியே போய்விட்டது. பலகையில் ஆடிக்கொண்டிருந்த பெண்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

குற்றம் சாட்டியவள் காசில்டா, ஒப்புக்கொண்டவள் எடெல்மிராவே. ஊருக்கு வேறென்ன வேண்டும்?

அன்றிலிருந்து எடெல்மிரா கடைக்குப் போனால், “என்ன மிரா, பானை வெச்சாச்சா? எங்க கோழி கூரையைப் பாத்துக்கிட்டு நிக்குது.” சர்ச்சுக்குப் போனால் பின்வரிசையில் எவனாவது மெதுவாகக் கொக்கரிப்பான். பாதிரியார் ஒரு பிரசங்கத்தில் ‘பிறர் உடைமை’ என்று சொன்னபோது ஐம்பது தலை ஒரே பக்கம் திரும்பியது.

“நான் திருடலைய்யா,” என்று அவள் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள்.

“அப்படியா? அதைப் பாட்டுல சொல்லு,” என்றார்கள். “பாட்டுல வந்ததுக்குப் பாட்டுலதான் பதில். சும்மா வாயால சொன்னா அது வம்பு. எங்களுக்கு வம்பு பேச நேரமில்ல.”

நாள் முழுக்க வம்பு பேசுகிறவர்கள்தான் இப்படிச் சொன்னார்கள். ஆனாலும் முறை முறைதான். எடெல்மிராவுக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது. பலகையருகில் நின்று காசில்டாவின் முகத்தைப் பார்த்துப் பாட, சொந்தமாகக் கட்டிய நாலே நாலு வரி. அது இல்லாமல் செத்தால் சவப்பெட்டிக்குப் பின்னாலும் கொக்கரிப்பார்கள் என்பது அவளுக்கு நிச்சயம். நிச்சயமாகக் கொக்கரித்திருப்போம்.

முகாம் ஆறு வருடமாக நடக்கிறது. நடத்துபவர் தலைநகரத்திலிருந்து வரும் பாட்ரிசியோ. குடுமி போட்டிருப்பார், ஊரில் யாரைக் கண்டாலும் ‘மாஸ்டர்’ என்பார். பன்றிக்குக் காயடிப்பவரைக்கூட மாஸ்டர் என்று கூப்பிட்டார். அந்த மாஸ்டர் அன்றிலிருந்து தொப்பி போடாமல் வெளியே வருவதில்லை. ஈஸ்டர் விடுமுறையில் பத்து நாள், நாற்பது பேர் ஊஞ்சல் படுக்கையோடு வந்து இறங்குவார்கள். காலையில் ஹரானா, மத்தியானம் காலாட்டம், சாயங்காலம் பாட்டு கட்டுதல். ஹரானாவைச் சுருதி சேர்ப்பதிலேயே முதல் இரண்டு நாள் போய்விடும். கழுதைத் தாடை வகுப்பில் ஒரு பெண், இந்தக் கழுதை இயற்கையாகத்தான் இறந்ததா என்று கேட்டாள். “இயற்கையாத்தான்மா, லாரி மோதி,” என்றார் வாசிப்பவர்.

உள்ளூர்க்காரர்கள் முகாமில் சேரலாம். யாரும் சேர்ந்ததில்லை. அம்மா வயிற்றிலேயே கேட்டதை வகுப்பில் போய்க் கற்பதா என்று வெட்கம். அதனால் இந்த வருடம் எடெல்மிரா, பன்றிக் கொட்டகையில் போடும் ரப்பர் பூட்ஸோடு பதிவு மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது பாட்ரிசியோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்ன கருவி மாஸ்டர்?”

“வாய்.”

“குரல்னு போடறேன். எந்த நிலை? தொடக்கம், இடைநிலை, உயர்நிலை?”

“தொடக்கம்னு போடு தம்பி.”

“நீங்களா? உங்க குரல் அக்கரையில கேக்குமே.”

“கேக்கறது என் குரல்தான். பாட்டெல்லாம் அடுத்தவங்களோடது. பாட்டு கட்டற கிளாஸ் யார் எடுக்கறாங்க?”

“காசில்டா மாஸ்டர். உங்களுக்குத் தெரியுமா அவங்களை?”

“கொஞ்சம்,” என்றாள் எடெல்மிரா.

வகுப்பு மாமரத்தடியில். காசில்டா நாற்காலியில், மற்றவர்கள் தரையில். முதல் நாள் எல்லோரும் பெயரும் ஊரும் சொன்னார்கள். எடெல்மிராவின் முறை வந்தது.

“பேரு?” என்று கேட்டாள் காசில்டா, முப்பத்தைந்து வருடமாகப் பக்கத்து வீட்டில் இருப்பவளைப் பார்த்து.

“எடெல்மிரா.”

“எங்கேருந்து வரீங்க?”

“வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து.”

“ரொம்ப தூரம். களைச்சிருப்பீங்க. கடைசியில போய் உக்காருங்க.”

நாற்பது பேரும் சிரித்தார்கள். உறவுக்காரர்களின் கேலி என்று நினைத்தார்கள். பாட்ரிசியோ தன் நோட்டில் ‘பெண்களின் வாய்மொழித் தோழமை’ என்று குறித்துக்கொண்டார்.

பல் டாக்டர் ஒருத்தி நிலவையும் காப்பியையும் சேர்த்து எதையோ பாடினாள். “ரொம்ப அழகு, கண்ணு,” என்றாள் காசில்டா. மீசைக்காரர் ஒருவர் நிலவையும் கடலையும் சேர்த்தார். “அருமை.” இன்னொருவர் நிலவை மட்டும் பாடினார். அதுவும் அருமை. பிறகு எடெல்மிரா எழுந்தாள்.

“ஆத்துல போகுது படகு. அதுல இருக்குது மீனு. பாத்துக்கிட்டு நான் நிக்கிறேன்…”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல.”

“பாத்துக்கிட்டே நில்லு. அடுத்தது யாரு?”

இப்படியே மூன்று நாள். எடெல்மிரா நாரையைப் பாடினாள், “நாரை எதுக்கு வந்துச்சு? உன் பாட்டைக் கேட்டா?” சோளத்தைப் பாடினாள், “ரெண்டாவது வரியில ஒரு சொல் அதிகம். மாவுல கல்லு கிடக்கற மாதிரி.” பனையைப் பாடினாள், “ஜோடி வரி ஒரே எழுத்துல தொடங்கணும்னு யாரும் சொல்லலையா? வேலிக்கு அந்தப் பக்கம் சேதி வரலையா?” மற்ற நாற்பது பேருக்கும் பத்து நாளும் அழகும் அருமையும்தான். அவர்களுக்கு அந்தப் பத்து நாளில் ஒரு எழவும் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வெறுப்போடு காது கொடுத்துக் கேட்கப்பட்டது ஒருத்தியின் பாட்டு மட்டும்தான். ஒவ்வொரு சொல்லையும் பிடித்து உலுக்கி, ஓட்டை எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினாள் காசில்டா. எடெல்மிரா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். திருப்பிச் சொல்வதில்தான் அவள் கெட்டிக்காரியாயிற்றே. வசவையும் ஒரு சொல் பிசகாமல் நினைவு வைத்துக்கொண்டாள்.

நாலாவது நாள் காசில்டாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“இங்க பாருங்க எல்லாரும். பாட்டு எப்படிக் கட்டக் கூடாதுன்னு தெரியணும்னா இந்தம்மாவைப் பாருங்க. முதல் வரியில படகுல ஏறி உக்காந்துக்கறா. எங்க எறங்கணும்னு தெரியாது. நாலாவது வரி கையில இல்லாம எவளாவது வாயைத் தொறப்பாளா? கடைசி வரியை முதல்ல கட்டணும்டி. அப்புறம் அங்கேருந்து பின்னால நடந்து வரணும். இத்தனை வருஷமா பலகையைச் சுத்தறே, இதுகூடத் தெரியாதா?”

அது அவளுடைய தொழில் ரகசியம். அதுவரை எந்த மாணவருக்கும் சொன்னதில்லை. எடெல்மிராவை அவமானப்படுத்தும் அவசரத்தில் வெளியே விழுந்துவிட்டது. நாற்பது பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். எடெல்மிரா எழுதவில்லை. பன்றிகளுக்குத் தீனி போட நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

தொட்டியில் தவிடு கொட்டும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கடைசி வரி பதினோரு வருடமாக அவளிடமே இருந்தது. அது கடைசி வரி என்பதுதான் இத்தனை நாள் தெரியாது. முதல் வரியாக வைத்துத் தொடங்கிப் பார்த்து, மேலே போக வழியில்லாமல் விட்டுவிட்டிருந்தாள்.

அவள் முகாமில் சேர்ந்த செய்தி எல்பீடியோவைத்தான் ரொம்பப் படுத்தியது. பதினோரு வருடமாக அவன்தான் அவளுக்கு விறகு கொண்டுவந்து போடுகிறான். தம்பி ஊரில் இல்லை, அண்ணன் செய்கிறான் என்று ஊர் நினைத்தது. காசில்டாவும் அப்படித்தான் நினைத்தாள். அன்று அவன் இரண்டு நடை விறகு கொண்டுவந்தான்.

“எல்லாம் கொய்யாக் கட்டை, மிரா. நின்னு எரியும்.”

“வெச்சுட்டுப் போங்க அத்தான்.”

அவன் போகவில்லை. குட்டைக் காலை மாற்றி மாற்றி ஊன்றினான்.

“இந்த வயசுல எதுக்கு இந்தப் பாட்டு கிளாஸெல்லாம்?”

“பொழுது போகல.”

“பன்றி இருக்கே.”

“பன்றி பதில் பாட மாட்டேங்குது, அத்தான்.”

“நாளைக்கும் ரெண்டு நடை கொண்டுவரேன்,” என்றான் எல்பீடியோ. கொண்டுவந்தான். முகாம் முடியும் வரை தினமும் கொண்டுவந்தான். எடெல்மிராவின் கொல்லையில் கூரை உயரத்துக்கு விறகு ஏறிவிட்டது. கோழி ஏறத் தோதாக இருந்தது.

மீதி நாட்களில் எடெல்மிரா வகுப்பில் படகையும் நாரையையும் மட்டும் பாடி, உதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். உண்மைப் பாட்டைக் கொட்டகையில் கட்டினாள். பன்றிகளைத் தவிர யாரும் கேட்கவில்லை.

நிறைவு நாள் ஃபந்தாங்கோ மத்தியானமே நடந்தது. தலைநகரத்து பஸ் நாலு மணிக்கு. வெயிலில் பலகை காய்ந்து கிடந்தது. ஆனாலும் ஊரே வந்திருந்தது. கடலைச் சாராயம் சும்மா கிடைக்கும்போது ஊர் வராமல் இருக்குமா? நாற்பது மாணவர்களும் ஹரானாவைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எல்பீடியோ நிழலில் முக்காலி போட்டு லியோனா வாசித்துக்கொண்டிருந்தான். காசில்டா பலகைக்கு எதிரே, முகாம் கொடுத்த பூ மாலையோடு, கல்யாணப் பெண் மாதிரி நின்றாள்.

பல் டாக்டர் நிலவைப் பாடினாள். யாரோ திருப்பிப் பாடினார்கள். அடுத்து, ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, நல்ல செருப்பு போட்டுக்கொண்டு எடெல்மிரா பலகையருகில் வந்தாள்.

“கோழி வருது,” என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சிரிப்பு கிளம்பியது. அவள் காசில்டாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாய் திறந்தாள்:

காலால நடந்து வரல
காணாமப் போன கோழி
உப்பு குறைச்சலா வேணும்னு கேட்டு வந்துச்சு
உன் புருஷன் அக்குளிலே.

லியோனா நின்றது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மாடு திரும்பிப் பார்த்தது.

இனி யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோழியைப் பிடித்தவன் எல்பீடியோ. தன் வீட்டில் சமைத்தால் உப்பு, தம்பி வீட்டில் சமைத்தால் சோறு என்று, மனைவியின் வெள்ளைக் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேலி தாண்டி வந்தவன் அவன். பதினோரு வருடத்து விறகுக்கும் இப்போது அர்த்தம் கிடைத்துவிட்டது. கூட்டம் முழுக்க அவனைப் பார்த்தது. அவன் வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டான்.

பாட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பதில் சொல்ல வேண்டியவள் காசில்டா. அவள் வாய் திறந்தாள். எடெல்மிராவைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் முதல்முறையாகக் கடைசி வரி வரவில்லை. ஹரானாக்கள் ஒரு சுற்று சுற்றி வந்தன. இன்னொரு சுற்று. அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

பத்து நாளாக அவளே நாற்பது பேருக்கும் தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு: பதில் இல்லையென்றால் வந்ததையே திருப்பிப் பாடு, தொங்கவிடாதே. டீச்சர் வாயைத் திறந்துகொண்டு நம்மைச் சோதிக்கிறார் என்று நினைத்தார்கள் அந்த நல்ல பிள்ளைகள். பல் டாக்டர் தொடங்கினாள். மீசைக்காரர் சேர்ந்துகொண்டார். நாற்பது தொண்டையும் ஒன்றாக, காலால் தரையைத் தட்டி, முகமெல்லாம் சந்தோஷமாக, காசில்டாவின் புருஷனுடைய அக்குளைப் பாடின. பிடித்துப்போனதால் இன்னொரு தடவை பாடின. பாட்ரிசியோ கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே அழுதார்.

காசில்டா மாலையைக் கழற்றினாள். நேராக நிழலுக்குப் போனாள். எல்பீடியோவின் கையிலிருந்து லியோனாவைப் பிடுங்கினாள். எல்லோரும் அவன் மண்டையை நினைத்துக் கவலைப்பட்டோம். சிலர் வசதியாகப் பார்க்க இடம் மாறினோம். அவள் அடிக்கவில்லை. அவனை முக்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். பாட்டு நடுவில் நிற்கக் கூடாது. பஸ் வரும் வரை தலை நிமிராமல் வாசித்தாள். அவன் வாசித்ததைவிட நன்றாகவே இருந்தது. அதுவும் அவன்மேல் வைத்த ஓர் அடிதான்.

எடெல்மிரா ஜெயித்துவிட்டாளா என்றால், பாதி ஊர் ஆமாம் என்கிறது. மீதிப் பாதி, “ஆக, கோழியைச் சமைச்சது அவதானே? அன்னிக்கே சொன்னோம்,” என்கிறது. இப்போது யாரும் அவளைப் பார்த்துக் கொக்கரிப்பதில்லை. எல்பீடியோ கடைக்குப் போனால், “கையைத் தூக்கு, என்ன கொண்டுவந்திருக்கேன்னு பாப்போம்,” என்கிறார்கள். அவன் இப்போது இரண்டு வீட்டுக்கும் விறகு வெட்டுவதில்லை. காசில்டா அவனுக்குத் தனியாக ஓர் அடுப்பு கொடுத்துவிட்டாள். உப்பு மட்டும் கொடுக்கவில்லை.

ஜூனில் புத்தகம் வந்தது. முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்துப் பார்த்த எடெல்மிரா, அதைக் கோடாலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விறகு பிளந்துகொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. வகுப்புக்கு வெளியே பதினோரு வருடத்தில் காசில்டா அவளிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“பேர் போடாம விட்டது நல்லதாப் போச்சு. மூணாவது வரி நொண்டுது.”

எடெல்மிரா கோடாலியை நிறுத்தவில்லை.

“அத்தான் நடந்து வந்ததைப் பாத்துக் கட்டினது, அக்கா. நொண்டத்தான் செய்யும்.”

வேலிக்கு அப்பால் ஒரு கதவு சாத்தப்பட்டது.

ஆனால் பாட்டுக்குக் காசில்டாவின் வாயிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. நாற்பது பேர் திருப்பிப் பாடியது கணக்கில்லை. முறைப்படி அது அவளுக்கு வந்த பாட்டு. கொஞ்ச நாளாக அவள் தன் கொல்லையில் முணுமுணுத்துக்கொண்டே நடப்பதைப் பார்க்கிறோம். நேற்று மத்தியானம் கிணற்றடியில் சட்டென்று நின்றாள், எடெல்மிராவின் பன்றிக் கொட்டகையை ஒரு பார்வை பார்த்தாள், தானாகச் சிரித்துக்கொண்டாள். கடைசி வரி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. இனி அவள் பின்னால் நடந்து வர வேண்டியதுதான்.

எடெல்மிரா கொட்டகைக்குப் பூட்டு வாங்கப் போயிருக்கிறாள்.